முப்பது நாள் தட்டு

மேசையில் அவள் இடம் அப்படியே இருக்கிறது.
தட்டு, கரண்டி, மடித்த துணி,
நாற்காலிக்கு நேரே ஒரு சிறிய பாடுபட்ட சுரூபம்.
இறந்த சகோதரிக்கு முப்பது நாள் சாப்பாடு வைப்பது
எங்கள் மடத்து ஒழுங்கு.
இந்த மாதம் பரிமாறும் முறை எனக்கு.

வொய்தேஷ்கா.
பத்தொன்பது வருஷம் செபவரிசையில்
என் இடப்பக்கம் நின்றவள்.
மொராவியப் பனியில், விடியற்காலைச் செபத்துக்கு
ஜன்னலைத் திறப்பாள்.
நான் சாத்துவேன்.
அவள் திறப்பாள்.
சங்கீதத்தின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே
கொக்கியின் சத்தம்.
பாவசங்கீர்த்தனத்தில் இதையே சொல்லிச் சொல்லி
குருவானவருக்கும் அலுத்துவிட்டது.

இப்போது ஜன்னல் என் இஷ்டம்.
நித்திய இளைப்பாற்றி என்று தொடங்கும்போது
நாக்கில் ஈரமில்லை.
முதல் நாள், ஒப்புக்கொள்கிறேன்,
அவளுக்குப் பிடிக்காத பூண்டு சூப்பை
விளிம்புவரை ஊற்றினேன்.

இறந்தவள் பங்கு ஏழைக்குப் போகவேண்டும்.
எங்கள் ஏழை ஹினெக்.
எனாமல் தூக்கோடு சைக்கிளில் வருவார்.
கடவுள் கிடவுள் எல்லாம் வேண்டாம், சூப்பு போதும் என்பார்.
ஆறாம் நாள் கேட்டார்: யார் சாப்பாடு இது?
சொன்னேன்.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு,
"அந்த அம்மாவுக்குப் பூண்டு அவ்வளவு பிடிக்குமோ?"
என் காது சுட்டது.

பிடித்தது எது என்று யோசித்தேன்.
பத்தொன்பது வருஷம் பக்கத்தில் நின்றும்
எனக்குத் தெரிந்தது பூண்டு மட்டும்.
அடுப்படியில் போஹுமிலாவைக் கேட்டேன்.
பாலில் வெந்த பார்லி, மேலே கசகசா, என்றாள்.
ஜன்னல் ஏன்?
தெரியாது என்றாள்.
மறுநாள் விடியலில் கொக்கியை எடுத்தேன்.
குளிர். வேறொன்றும் நடக்கவில்லை.

முப்பதாம் நாள் தட்டைக் கழுவினேன்.
சுரூபம் இழுப்பறைக்குப் போனது, அடுத்தவளுக்காக.
இறந்தோர் புத்தகத்தில், பிப்ரவரி ஒன்பதில்,
ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தில் ரொட்டி சுட்ட ஒருத்திக்குக் கீழே
வொய்தேஷ்கா, மை இன்னும் கறுப்பாக.

மறுநாளும் ஹினெக் வந்து நின்றார்.
முப்பது முடிந்தது என்றேன்.
தூக்கைக் கைமாற்றினார்.
"ஒட்டிலியே" என்றார்.
"துணி ஆலையில் இருந்தாள். பல் கிடையாது,
இனிப்பென்றால் உயிர்.
செபம் கிபம் வேண்டாம். சும்மா சொல்கிறேன்."

உள்ளே போய், என் பங்குக்கு வந்த
பிளம் வைத்த கொழுக்கட்டையில்
சர்க்கரையைக் கூடவே தூவினேன்.
உணவறையில் அன்றைய பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.
நடுவில் ஒன்றை வாய்க்குள் சேர்த்துக்கொண்டேன்.
அம்மாவா, மனைவியா,
கேட்கவில்லை.