உறுதியில்லை

மெர்வின் ஸ்னெல்லிங் மூடியைத் திருகினார்.
பழைய ஃபிலிம் டப்பா. உள்ளே பஞ்சு.
பஞ்சில், வெட்டிப்போட்ட நகம்போல்
ஒரு வெள்ளித் துண்டு.

"அன்றைக்கே பாதியாக நறுக்கினதுதானே?"

சில்லறை அகப்படாத காலம் அது;
பின்புறச் சிலுவையின் கோட்டோடு கத்தரித்து
அரைப் பென்னியாய்ச் செலவழித்தார்கள், உண்மைதான்.
ஆனால் கத்தரி நேராகப் போகும்.
இது ரொட்டியைப் பிய்த்த மாதிரி.
விளக்கடியில் சாய்த்தேன்:
விளிம்பெல்லாம் கறுப்பு, முறிவு மட்டும் பளபளப்பு.
காயம் புதிது. போன அக்டோபரில்
உருளைக்கிழங்கு தோண்டிய இயந்திரமாயிருக்கும்.
தானே உடைத்ததுபோல்
கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

எடை, பூச்சியம் புள்ளி ஆறு ஒன்று கிராம்.
முகம்: ஒரு கண், தாடிக்குச் சில புள்ளிகள்,
ஹென்றி என்று தொடங்கும் எழுத்து.
"எந்த ஹென்றி?"
ஹென்றியே இல்லை, ஜான்.
அப்பன் செத்தும் அச்சில் பெயர் சாகவில்லை.
மூத்தவன் ஆண்டான், இளையவன் ஆண்டான்,
எழுத்தை மாற்று என்று யாரும் சொல்லவில்லை.
ஜானை நான் பிடித்தது
காதோரச் சுருள்மயிரை வைத்து.

பின்பக்கம் அப்படிப் பொய் சொல்லாது.
வெள்ளி குறைந்தால் யாரைப் பிடிப்பது?
அதற்காகவே அடித்தவன் பெயரும் ஊரும்.
அவனும் பாதிதான் வந்திருக்கிறான்:
கடைசி எழுத்து ‘ட்’, ஊர் ‘நார்’,
அதற்குமேல் காற்று.
நார்விச் என்றால் ரெனால்ட்.
நார்தாம்ப்டன் என்றால் ராபர்ட்.

மெர்வின் நார்விச்சுக்காரர்.
வாக்குக் கேட்க வந்தவர்போல் பார்த்தார்.
நான் பிறந்தது நார்தாம்ப்டனில்.
சொல்லவில்லை.

தட்டினேன்:
நாணயச்சாலை, உறுதியில்லை.
அடித்தவர், உறுதியில்லை.
ஏன் என்று படிவம் கேட்பதில்லை,
அந்த மரியாதை அதற்கு உண்டு.

வயலின் எண்களை எட்டு இலக்கம்வரை வாங்கினேன்.
வெளியே காட்டுவது ஊர்ப்பெயர் மட்டும்;
இரவில் கருவியோடு அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

கதவருகே நின்றார்.
"மற்ற பாதி அங்கேதானே கிடக்கும்?"
கிடக்கலாம்.
"பார்லி விதைத்துவிட்டான். ஆகஸ்ட்வரை விடமாட்டான்."
ஆகஸ்ட், என்று இன்னொரு தடவை
தனக்கே சொல்லிக்கொண்டு போனார்.

படம் எடுக்கும்போது
துண்டை இடப்பக்கம் ஒதுக்கி வைத்தேன்.
வலப்பக்கம் அளவுகோல்,
அப்புறம் ஒரு சென்டிமீட்டர்
வெறும் தாள்.