வலைக்கண்

வட்டி இல்லை,
சாராயம் இல்லை, சூது இல்லை, பன்றி இல்லை.
லிங்கேஸ்வரன் விரல் மடக்கிச் சொன்னபோது
பஹ்ரைனிலிருந்து என் மாப்பிள்ளை
ஸ்பீக்கரில் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றார்.
மாதம் ஐயாயிரம், நான்கு வருஷம்.
சலித்தெடுத்த காசு என்றே தூங்கினேன்
கீழக்கரையில்.

போன மாசியில் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு
நண்டு வாங்க மண்டபம் போனேன்.
விசைப்படகு அணைந்த துறை, இன்னும் இருட்டு.
நண்டுக் கூடைக்குப் பக்கத்தில்
இடுப்பளவு குவியலாய்ச் சங்காயம்.
சுண்டுவிரல் கணவாய், நகமளவு நண்டு,
பெயர் வைக்கும் வயது வராத மீன்கள்.
ஒரு கடல்குதிரை
அறுந்த நைலான் நூலைப் புல் என்று நினைத்து
வாலால் சுற்றிப் பிடித்திருந்தது.

‘நாப்பது மில்லி இருக்கணும் வலைக்கண்ணு.
உள்ளுக்குள்ள சின்னக்கண் வலை வச்சுத் தைச்சிருவாங்க’
இன்னாசியம்மாள் கிளறிக்கொண்டே சொன்னாள்.
யாருக்கு இதெல்லாம்?
‘மாவு கம்பெனிக்கு. கோழிக்கும் எறாலுக்கும் தீவனம்.
கிலோ பதினெட்டு.’

லாரி வந்து நின்றது.
வைரமணி மரைன் புரோட்டீன்ஸ்.
எங்கோ படித்த பெயர்.

படித்தது என் செல்போனில்தான்.
பட்டியலில் இருபத்து மூன்றாவது,
ஒன்று புள்ளி எட்டு சதவீதம்.
ஐயாயிரத்தில் தொண்ணூறு ரூபாய்.
கிலோ பதினெட்டென்றால் மாதம் ஐந்து கிலோ.
நாற்பத்தெட்டு மாதத்துக்கு
இருநூற்று நாற்பது கிலோ.
கணக்கை இப்படிப் போடக்கூடாது அக்கா
என்றான் லிங்கேஸ்வரன்.
எப்படிப் போடுவது என்றும் அவன் சொல்லவில்லை.

உயிர்களைத் துன்புறுத்தாத ஃபண்டு ஏதும் உண்டா?
தேடினான்.
ஒன்று இருந்தது.
தோல் இல்லை, கசாப்பு இல்லை, மீன்மாவு இல்லை,
கண்ணில் மருந்து விட்டுப் பார்க்கும் முயல்கள் இல்லை.
‘ஆனா மூணு பேங்க் இருக்குக்கா, வட்டி பேங்க்.’
அங்கே தடுத்தது இங்கே நுழைகிறது,
இங்கே தடுத்தது அங்கே.
கசாப்பு என்று அவன் சொன்னபோது
அடுப்பில் ஆட்டெலும்பு ஆணம்
கொதித்துக்கொண்டிருந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

விற்றேன்.
வைரமணி லாரி மறுநாளும் அதே நேரத்துக்கு வந்ததாம்.
பணம் நடப்புக் கணக்கில்
வட்டியும் இல்லாமல் வேலையும் இல்லாமல்
உட்கார்ந்திருக்கிறது.

ஃபண்டுக்காரர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன்,
தமிழிலேயே.
உங்கள் சல்லடைக்குக் கண் எத்தனை மில்லி?
அதற்குள்ளே இன்னொரு சல்லடை
வைத்துத் தைத்திருக்கிறீர்களா?
கோரிக்கை பதிவானது,
ஏழு வேலைநாட்களில் பதில் வரும் என்று
உடனே பதில் வந்தது.
இது பதினெட்டாவது நாள்.

மாப்பிள்ளை கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை.
சொல்லி விளங்காதென்று
துறையில் எடுத்த படத்தை அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது.
அவருக்கு இஷா முடிந்திருக்கும் நேரத்தில்
ஒரு வரி வந்தது:

‘எடுக்கும்போது அதுக்கு உசுரு இருந்துச்சா?’

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
நூல் தெரிகிறது.
வால் தெரிகிறது.