எண்பத்தைந்து

வில்லாபுரத்தில் மொட்டைமாடி அறை.
மேலே தகரம்.
தகரத்துக்கு மேலே கத்திரி.
ராத்திரி ஒன்பது மணிக்கும்
சுவரைத் தொட்ட கை
தானாக விலகி வருகிறது.

போன வருஷம் மதர்போர்டு கருகிய வாசம்
இன்னும் திரைச்சீலையில் இருக்கிறது.
நாலாயிரத்து இருநூறு ரூபாய் வாசம்.
அதற்குப் பிறகுதான் சிக்கந்தர் வந்தான்.
பெட்டியைத் திறந்து
பூனை அளவுக்குத் தூசியை எடுத்துப் போட்டு
நீலத் திரையில் ஓர் எண்ணைத் தட்டினான்.
"எண்பத்தஞ்சு.
இதைத் தாண்டுனா யாரையும் கேட்காது,
தானா அணைஞ்சிரும்.
அப்ப என்னைத் திட்டாத."

இன்றைக்குக் காதுகுத்து பேனர். இருபதுக்குப் பத்து.
உசிலம்பட்டி ஒச்சப்பன்
பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து
என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்.
நாற்பத்தோரு முகங்கள்.
ஒவ்வொரு மீசையையும்
முடி முடியாக வெட்டி எடுத்தாயிற்று.
பிள்ளையை மடியில் வைக்கப் போகும் தாய்மாமன்கள் மூவர்.
"மூணாவது ஆளைத் தூக்கு."
"தவசிங்கிறவரையா?"
"பேரு எதுக்கு? தூக்கு."

கிணற்றுப் பங்கா, கைமாற்றா,
கேட்கவில்லை.
பேனர் போடுகிறவன் கேட்கக் கூடாது.
தூக்கினேன்.
அவர் நின்ற பள்ளத்தில்
ஒரு சிங்கத்தை இழுத்து வைத்து
பிடரியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.
பெட்டிக்குள் காற்றாடி
மாவு மில் மாதிரி இரைந்தது.
ஓரத்து எண்
எண்பத்து மூன்று,
எண்பத்து நான்கு,

கறுப்பு.

"கரண்டு போச்சா?"
"இல்லண்ணே. லைட் எரியுதே. இதுவா அணைஞ்சிருச்சு."
"அந்த நம்பரை ஏத்தி வையேன்."
"ஏத்துனா வெந்திரும்."

பக்கப் பலகையைக் கழற்றி
இருந்த ஒரே டேபிள் ஃபேனை
அதன் பக்கம் திருப்பி வைத்தேன்.
நாங்கள் வியர்த்தோம்.
அவனியாபுரம் பக்கம்
ஒரு விமானம் தாழ்ந்து தாழ்ந்து இறங்கியது.
ஒச்சப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.
எதிர் வீட்டு நாய் எழுந்து
இடம் மாறிப் படுத்தது.

"எம்புட்டுல அணையும்னு சொன்ன?"
"எண்பத்தஞ்சு."
"ம்.
அன்னைக்கு மந்தையில
எனக்கு எம்புட்டு இருந்திருக்கும்."
நான் பதில் சொல்லவில்லை.
கேட்ட மாதிரியும் இல்லை.

அரை மணி கழித்துப் பொத்தானை அழுத்தினேன்.
ஐம்பத்தொன்று.
பேனர் திறந்தது,
கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து.
சிங்கம் இல்லை.
தவசி நின்றார், வெள்ளைச் சட்டையில்,
சட்டைப் பையில் செல்போன் துருத்த,
கல்யாண வீட்டுச் சிரிப்போடு.
எந்தப் படத்திலிருந்தோ வெட்டியபோது
நான் நறுக்க மறந்த நாலு விரல்கள்
அவர் தோளில் அப்படியே கிடந்தன,
பச்சைக்கல் மோதிரத்தோடு.

ஒச்சப்பன் வாளியை முன்னால் நகர்த்தினார்.
திரையைப் பார்த்தார்.
மடியில் கிடந்த
தன் வலது கையைப் பார்த்தார்.
அதிலும் பச்சைக்கல்.

"மறுபடி தூக்கவாண்ணே?"

வெகுநேரம் கழித்துத்தான் பேசினார்.
"அந்த விரலை மட்டும் வெட்டிரு.
அசிங்கமா இருக்கு."

வெட்டினேன்.
இரண்டு தடவை சேமித்தேன்.
ஓரத்தில் எண்
அறுபது, அறுபத்திரண்டு என்று
மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது.