கொம்பு

வாட்ஸப்பில் வந்து விழுந்தன
ஒன்பது வயதின் பெருமைகள்.
பியானோவில் ஐந்தாம் கிரேடு.
நூற்றுத் தொண்ணூற்றைந்து நாடுகளின் தலைநகரங்கள்,
கண்ணைக் கட்டிக்கொண்டு.
(வாயால் சொல்வதற்குக் கண்ணை எதற்குக் கட்ட வேண்டும்?
கேட்கவில்லை நான்.)
ஆங்கிலத்தில் ஒரு கவிதைப் புத்தகம்.
லண்டனில் கோடை முகாம்.
பின்னாலேயே டாக்டர் அப்பாவின் குரல்:
"பத்துக்கு இருபதும்மா. தமுக்கத்துக்கு எதிர்ல வைக்கிறோம்.
மூஞ்சி நல்லா பளிச்சுனு இருக்கட்டும்."

சிம்மக்கல்லில் ஃப்ளெக்ஸ் கடை.
எனக்கு நாற்பத்தொன்று.
தர்ஷித்தின் தலைமுடியைக்
கே.கே. நகர் மாடியின் வானத்திலிருந்து
இழை இழையாய்ப் பிரித்தெடுக்கிறேன்.
எண்ணூறு சதவீதம் பெரிதாக்கினால்
கன்னமும் பதக்கமும் ஒன்றுதான்,
சதுரம் சதுரமாய் நிறம்.
பதக்கம் பிடித்த விரல்களில் மட்டும்
நகங்கள்
சதை வரைக்கும் கடித்திருந்தன.

என் ஒன்பது வயதில்
செல்லூர் குழாயடியில் வரிசை நின்ற
முப்பது குடங்களில் எது யார் வீட்டுக் குடம் என்று
நெளிசலை வைத்தே சொல்வேன்.
அதற்கு யார் மேடை போட்டார்கள்,
என்று எழுதத்தான் ஆசை.
ஆனால் பொய்யாகிவிடும்.
என்னைவிட வேகமாய்ச் சொன்னவள் பேச்சி.
குழாயடியிலும் எனக்கு
இரண்டாம் இடம்தான்.

மேடையும் ஒருமுறை ஏறியிருக்கிறேன்.
மாநகராட்சிப் பள்ளி, பேச்சுப் போட்டி, மூன்றாம் பரிசு.
சான்றிதழில் 'அங்கயர்க்கண்ணி' என்று போட்டிருந்தார்கள்.
வல்லினமாய்ப் பிறந்தவளை
இடையினமாக்கிக் கையெழுத்தும் இட்டுவிட்டார்கள்.
நீலப் பேனாவால் நானே திருத்தினேன்.
"அடிச்சுத் திருத்துனது எதுவும் செல்லாதும்மா,"
வேலைவாய்ப்பு அலுவலகத்தில்
நிமிராமலே சொன்னார் ஒருவர்.

முதலாளி சாப்பிடப் போன நேரம்
தர்ஷித்தை நகர்த்திவிட்டு
என் ரேஷன் கார்டு போட்டோவை வைத்துப் பார்த்தேன்.
அதே தங்க எழுத்து,
தலைக்குப் பின்னால் அதே ஒளிவட்டம்.
முப்பத்தைந்தில் தட்டச்சு ஹையர், மூன்றாம் முயற்சி.
முப்பத்தெட்டில் என் பெயரில் கேஸ் கனெக்‌ஷன்.
நாற்பதில் ஸ்கூட்டர்,
விழுந்தது இரண்டே தடவை,
ஒன்று போலீஸ் ஸ்டேஷன் வாசலில்.
மாட்டுத்தாவணி பஸ்ஸில்
நின்றுகொண்டே தூங்குவதையும் சேர்த்தேன்.
நான்கே வரி.
பத்துக்கு இருபதில் மிச்சமெல்லாம் வானம்.
மாற்றங்களைச் சேமிக்கவா என்றது கணினி.
வேண்டாம் என்றேன்.
இரண்டு தடவை கேட்டது.

பிரிண்டுக்கு விடும்போதுதான் கண்ணில் பட்டது.
டாக்டர் வீட்டிலிருந்து வந்த வாசகம்,
'உலக சோதனை படைத்த எங்கள் செல்வமே!'
சாதனைக்கு முன்னால்
ஒரு கொம்பு.

"அவுகளுக்கு மட்டும் என்ன கொம்பா மொளைச்சிருக்கு?"
வட்டிக்காரர் தெருவைத் தாண்டியபின்
அம்மா கேட்பாள்.
இதோ, முளைத்திருக்கிறதம்மா.
விட்டுவிட்டால் போதும்,
தல்லாகுளம் சிக்னலில் தொண்ணூறு நொடி நின்று
ஊரே படிக்கும்.
கேட்டால், நீங்க அனுப்புனதுதான் சார்.
அத்தாட்சி இருக்கிறது, நீல டிக்கோடு.

மவுஸின் மேல் விரல்.
இயந்திரம் சூடாகிக் காத்திருக்கிறது.
அந்த நகங்களைப் பார்த்தால்
இரண்டு சொல்லும் பொருந்தும் போலத்தான் இருந்தது.

அழித்தேன்.
இரக்கம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.
ஒரு எழுத்து கோணலாய்ப் போனாலும்
ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுவேன், அவ்வளவுதான்.
மூஞ்சியைப் பளிச்சென்று ஆக்கினேன்.
நகங்களை அப்படியே விட்டேன்.
இருபதடி உயரத்தில் யார் பார்க்கப்போகிறார்கள்,
அவனைத் தவிர.

பில் போட்டேன்.
ஃப்ளெக்ஸ் இருநூறு சதுர அடி.
டிசைன் சார்ஜ் நூற்றைம்பது.
கொம்பு எடுத்ததற்கு
எதுவும் போடவில்லை.