ஏழரை அடி வாசல்

டிரெகரோனுக்கு வெளியே, ஐயோலோவின் கொட்டகையில்
எரு வீசும் வண்டிகள் இரண்டு.
கெத்தின் சிவப்பை விட்டு நகரவில்லை.
புதுப் பெயின்ட். பத்து டன் கொள்ளும்.
பின்னால் பல் முளைத்த தூண்கள் மாதிரி
இரண்டு உருளைகள்.

நான் கோட்டைக் கழற்றிவிட்டு அடியில் நுழைந்தேன்.
சுத்தியல் தட்டினால் தகரம் பொய் சொல்லாது.
முன்னால் கணீர். நடுவிலும் கணீர்.
அச்சுக்கு மேலே மட்டும்
டீயில் ஊறிய பிஸ்கட்.
பெயின்டுக்கு அடியில்
யாருடைய மாட்டின் சாணமோ
காய்ந்து பத்திரமாக இருந்தது.

"எவ்வளவாம்?" என்றான்.
"எட்டடி அகலம்."
"விலையைக் கேட்டேன், எலினெட்."
"மேல்வயல் வாசல் ஏழரை."
கல்சுவரை இடித்தால் என்ன என்று
யோசிக்கிற முகம் எனக்குத் தெரியும்.

எங்கள் டிராக்டருக்கு எண்பது குதிரை,
அதில் சில நொண்டி.
மழை விட்ட சரிவில் பத்து டன் பின்னாலிருந்து தள்ளினால்
ஓடையில்தான் போய் நிற்போம்.

மூலையில் பச்சை. பீப்பாய் உடம்பு,
உள்ளே சங்கிலி சுழன்று பக்கவாட்டில் வீசும்.
பார்க்கச் சகிக்காது.
வைக்கோல், கயிறு, கல், எல்லாம் மெல்லும்.
எங்கள் எருவில் கல் உண்டு. போன மார்ச்சில்
கெத்தினின் மூக்குக்கண்ணாடியும் இருந்தது;
புல்லில் ஒரு காது மட்டும் கிடைத்தது.

சங்கிலியில் ஆறு சம்மட்டி குறைவு,
அதற்கு முந்நூறு பவுண்டு குறைத்தார் ஐயோலோ,
பல்லைப் பிடுங்கின மாதிரி.

வழியெல்லாம் அவன் பேசவில்லை.
பக்கத்துக்கு ஒரு சாண் விட்டு
வாசலில் நுழைந்தது பச்சை.

விரலை நனைத்துக் காற்றைப் பார்த்தான்.
"நெஸ்டா வெள்ளைத் துணி காயப்போட்டிருக்கிறாள்.
நாளைக்கு."