ஈரப்பதம் பதினேழு

எழுபது ரூபாய்.
கீழையூர் கடைத்தெரு, ஏடிஎம்முக்கு எதிரே தள்ளுவண்டி,
முட்டை ஃப்ரைடு ரைஸ்.

நூற்றிருபது ரூபாய்,
போக வர பஸ்ஸுக்குத் தனி.
வேளாங்கண்ணி, பஸ் ஸ்டாண்டு பின்சந்து,
சலேத்து அக்கா கடை, கட்லெட், ஜோடி.

தினம் எட்டுநூறு மூட்டைக்குப் பட்டியல் எழுதுகிற கை இது.
எதையும் எடை போடாமல் விழுங்கத் தெரியாது.
நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகால வேலை:
தை பிறந்தால் நான் எழுத்தர்,
பங்குனி போனால் யாரோ.

முதலில் சோறு.
அரசமணி மாஸ்டர் கரண்டியால் சட்டியைத் தட்டினால்
பக்கத்து ரீசார்ஜ் கடைப் பையன்
போனை அடுத்த காதுக்கு மாற்றுவான்.
இரண்டு முட்டை உடையும், ஒன்றரைதான் சோற்றில் சேரும்.
மீதி அரை விளிம்பில் ஒட்டிக் கருகி
அடுத்தவன் பார்சலுக்குப் போகும்.
முட்டைகோஸ் தாராளம். கேரட் சாட்சிக்கு.
அஜினோமோட்டோ இல்லை என்று பலகை சொல்லும்.
நடுராத்திரியில் எழுந்து தண்ணீர் கேட்கிற நாக்கு
வேறு சொல்லும்.
அரிசி,
எங்கள் மூட்டையில் கிளம்பி, மில்லுக்குப் போய்,
ரேஷன் கடை வழியாகத் திரும்பி வந்ததுதானோ என்று
எனக்கொரு சந்தேகம். கேட்டதில்லை.
உதிரி உதிரியாய் விழும். ஈரப்பதம் பதினேழுக்குக் கீழ்.
தள்ளுபடி இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

கட்லெட் சத்தம் போடாது.
ரஸ்க் தூள் பூசிக்கொண்டு எண்ணெயில் இறங்கும்போது
மழை விட்ட பிறகு தகரக் கூரை சொட்டுகிற மாதிரி
ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான்.
உள்ளே மிளகு, துளி வினிகர்,
உருகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கொழுப்பு.
ஒன்று அறுபது கிராம் இருக்கும், ஏமாற்று இல்லை.
வெங்காயம் தானாக வரும், சாஸ் கேட்டால்தான்.
வயிறு நிறையாது.
ஆனால் வெள்ளையாற்றுப் பாலம் தாண்டும் வரை
விரலை முகர்ந்துகொண்டே வருவேன்.

பன்றி என்ற சொல்லை எங்கள் தெருவில்
திட்டுவதற்கு மட்டும்தான் வெளியே எடுப்பார்கள்.
சலேத்து அக்கா பலகையில் 'போர்க்' என்று எழுதியிருக்கிறார்.
தமிழில் சாக்கடை ஓரம் நின்றது
இங்கிலீஷில் தட்டேறி உட்கார்ந்துவிட்டது.
நானும் வீட்டில்
'மாதா கோயில் பக்கம் ஒரு ஜோலி' என்றுதான் சொல்கிறேன்.
பொய் என்று சொல்ல முடியாது.

சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்.
நாளையிலிருந்து கிடைக்காது என்று கடையில் அப்படிக் கூட்டம்.
சுவர் பார்த்த மேசையில் ஒரு முதுகு.
கரண்டி இல்லாத அந்தக் கைகளை எனக்கு
உடனே அடையாளம் தெரியவில்லை.
முன்னால் நான்கு கட்லெட்.
அவர் பார்த்தார். நான் பார்த்தேன்.
அவர் நாட்காட்டியைப் படிக்க ஆரம்பித்தார்,
நான் சாஸ் பாட்டிலின் லேபிளை.
ஒரே பஸ்ஸில் திரும்பினோம்,
அவர் முன்வாசல், நான் பின்வாசல்.

மறுநாள் சலேத்து அக்கா கதவில்
சாக்பீஸ் எழுத்து: ஈஸ்டருக்கு வாங்க.
இதைப் பிறகு கண்டக்டர் சொல்லித்தான் தெரியும்.

புதன் ராத்திரி வண்டியில்
'வழக்கமானது ஒண்ணு' என்றேன்.
மாஸ்டர் நிமிரவில்லை.
சட்டி மட்டும் கொஞ்சம் மெதுவாகத் தட்டுப்பட்டது.
இரண்டு முட்டை உடைத்தார்.
நின்றார்.
மூன்றாவதையும் உடைத்தார்.
விளிம்பைச் சுரண்டி, கருகல் உட்பட,
எல்லாவற்றையும் என் தட்டிலேயே சேர்த்தார்.
எழுபதுதான் எடுத்துக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற லோடுமேன் கலியபெருமாள்
'சாருக்கு மட்டும் என்ன இவ்ளோ மஞ்சளா இருக்கு?' என்றான்.
'மஞ்சப்பொடி' என்றார் மாஸ்டர்.

வாயை அடைக்கவா,
துணைக்கு ஓர் ஆள் கிடைத்ததற்கா,
என் பட்டியலில் இதற்குக் கட்டம் இல்லை.
தின்றேன். உப்பு ஒரு கல் கூடுதல்.

ஈஸ்டருக்கு நாற்பத்தாறு நாள் கிடக்கிறது.
அன்றைக்கு நான் எழுத்தரா யாரோவா என்று
அவருக்குத் தெரியாது.
எனக்கும்.