எழுத்து ஏறாத மஞ்சள்

ஷார்ஜா, தொழிற்பேட்டை பதின்மூன்று.
ஆறு வருடமாக நான் அடிப்பது
அபாயம், ஆழக்குழி, தலைக்கவசம் அணிக.
மூன்று மொழியில். தமிழில் ஒருமுறைகூட இல்லை.

வதீமா வந்து கேட்டாள்:
இதே மஞ்சள். முக்கோணம் மட்டும்.
கறுப்புக் கரை வேண்டாம், எழுத்து வேண்டாம்,
பஞ்சுக் காகிதத்தில் முப்பது பிரதி.

என்ன சொல்லும் இது, என்றேன்.
ஒன்றும் சொல்லாது,
அதற்குத்தான் காசு, என்று சிரித்தாள்.

ஓரத்தில் விடவேண்டிய வெள்ளையை
ஸ்கேல் வைத்து இரண்டு முறை அளந்தாள்.

ஆகஸ்ட் புழுக்கம். ஏசி முனகியது.
சல்லடையில் மை காய்வதற்குள்
இழு, தூக்கு, அடுத்த தாள்.
பலகையில் ஒரு தூசி யார் கண்ணில் படும்?
இங்கே ஒரு தூசி விழுந்தால்
பாலைவனமே வந்து உட்கார்ந்த மாதிரி.

பதினேழாவதில் தாள் நகர்ந்துவிட்டது.
மயிரிழைதான்.
முக்கோணம் வலப்பக்கம் சாய்ந்து நின்றது
பஸ்சுக்குக் காத்திருப்பவன்போல.
கிழித்துவிடு என்றாள்.
சரி என்று சொல்லி
சட்டைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

கட்டிலை ஒட்டிய சுவரில் அது.
மேல்கட்டில் குருங் தலையைத் தொங்கவிட்டுக் கேட்டான்:
எழுத்து எங்கே?
இன்னும் ஏறவில்லை, என்றேன்.
விளக்கை அணைக்க
இரண்டு பேருக்கும் மறந்துபோனது.

காலையில் நானூறு பலகை. முதலில் மஞ்சள்.
ரேக் முழுக்க வரிசையாகக் காய்ந்துவிட்டன.
மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார்.

கறுப்பு டப்பாவைத் திறந்துவிட்டேன்.
கலக்கிக்கொண்டே இருக்கிறேன்.